பூரிக்கட்டை வெச்ச கியரு

சன்னலத் தூக்கி உடு கண்ணு, காத்து வரட்டும். பயப்படாத, உன்ற சுடிதாரு மேல ஒண்ணும் ஆயிராது. பஸ்ஸுல எனக்குக் கொமட்டாது. ஆட்டோவுல கொமட்டாது, டெம்போவுல கொமட்டாது. எங்கூட்டு வாசல்ல புதுசா ஒரு காரு நிக்குது, வெள்ளையா, மொளுமொளுன்னு. அதுல ஏறுனா மட்டுந்தான் எனக்குக் கொடலு மேல வருது.

நீ எங்க எறங்கற? குண்டடமா? நல்லது. நான் தாராபுரம். பேரு துளசிமணி, ஊடு ஒண்டிப்புதூரு. சித்தி பையன் புதுசா ஊடு கட்டியிருக்கறான், நாளைக்குக் காத்தால புண்ணியார்ச்சனை. எங்கூட்டுக்காரரும் அங்கதான் வர்றாரு. இதே ரோட்டுல, அந்தக் கார்ல, புது ஊட்டுக்குக் குடுக்கற சீருப் பையோட, தனியா. நான் இங்க முட்டிக்கு முட்டி இடிச்சுட்டு உக்காந்திருக்கறேன். சிரிப்பு வருதா? சிரிச்சுக்க. எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் பூராச் சிரிச்சு முடிச்சாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி.

சண்டையான்னு கேக்காத. சண்டையெல்லாம் இல்ல. அருவருப்பு. அவ்வளவுதான். அந்த மனுசன் அந்தக் காரை வெச்சு அடிச்ச கூத்து இருக்குதே, கேட்டா நீயும் காறித் துப்புவ.

இரு, இந்த டிரைவரு என்ன பண்றான்? வண்டி முக்குது, இன்னும் நாலுலயே உட்டுட்டு உக்காந்திருக்கறான். மூணுக்கு எறக்கோணும். எறக்கு... ம், இப்பப் போட்டான். இதென்ன தூங்கறானா?

எங்கூட்டுக்காரரு மில்லுல மேஸ்திரியா இருந்தாரு. மெசினுச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகின தொண்டை. மில்லை மூடிப் பல வருசம் ஆச்சு, தொண்டைய மூடல. ஊட்ல உப்பு வேணும்னாக்கூட பத்து மெசினு தாண்டி நிக்கறவளக் கூப்படற மாதிரிதான் கூப்புடுவாரு. முன்னால ஒரு பழைய சின்னக் காரு வெச்சிருந்தாரு. அது அவருக்குச் சாமி. ஞாயித்துக்கெழமை ஆனா அதத்தான் குளிக்க வெப்பாரு. நான் கதவச் சாத்துனா, ‘மெல்ல சாத்து, அது உன்ற பீரோ இல்ல’ம்பாரு. கல்யாணம் ஆன நாளா அந்தக் கார்ல சீட்டைத் தவிர வேற ஒண்ணையும் நான் தொட்டதில்ல. தொட உட்டாத்தான?

போன ஆடிக்குப் பொறவு மேல்தண்ணித் தொட்டியக் கழுவறேன்னு ஏறுனாரு. வேண்டாங்க, ஆளு வெச்சுக்கலாங்கன்னேன். பொம்பளை பேச்சக் கேக்கற வழக்கம் எங்கூட்ல இல்ல. பாசியில வழுக்கி உழுந்து எடது முழங்கை நொறுங்கிப் போச்சு. தகடு வெச்சு ஆணியடிச்சு, இந்தக் கை இனித் தட்டைப் புடிக்கும், கனமா எதையும் இழுக்காது, தள்ளாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. அவரு மொதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? ‘கியரு போடலாங்களா?’ டாக்டரு சிரிச்சுட்டாரு.

சரிங்க, கார வித்துப் போடலாம், பஸ்ஸுல போய்க்கலாம்னு சொன்னேன். தப்பாச் சொன்னனா? அதுக்கு ரெண்டு நாளு சோறு திங்காம செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. தை பொறந்தா முகூர்த்தம். எங்க ஒறம்பரையில வாரத்துக்கு ஒரு கல்யாணம் வரும். ‘மேஸ்திரி கை ஒடிஞ்சு டவுன் பஸ்ஸுல தொத்திட்டு வர்றான்னு ஒருத்தன் சொல்லக்கூடாது’ன்னாரு. அதான் வெசனம். கை போனது வெசனம் இல்ல, கண்டவன் வாயில உழறதுதான் வெசனம்.

மூணாம் நாளு எந்திரிச்சு வந்தாரு. ‘ஸ்டேரிங்கு வலது கையில புடிச்சுக்குவேன். காலு ரெண்டும் நல்லாருக்குது. கிளட்ச்சு மிதிப்பேன், பிரேக்கு மிதிப்பேன். பாக்கி கியரு ஒண்ணுதான். நீ சும்மாதான பக்கத்துல உக்காந்து வர்ற? அத நீ போடு.’

கேட்டியா? சும்மாதான உக்காந்து வர்ற. எனக்குக் கியரப் பத்தி என்ன தெரியும்? மிக்ஸியில ஒண்ணு ரெண்டு மூணு திருகுவேன், அவ்வளவுதான் என்ற படிப்பு. அது தப்புங்க, போலீஸ்காரன் புடிப்பாங்கன்னேன். ‘போலீசு கண்ணாடி வழியா உன்ற கையவா பாக்கப் போறான்’னாரு.

மொத நாளு எங்க வீதியிலயே ஓட்டிப் பாத்தோம். அந்த வண்டியில கியரு கட்டை குட்டையா, அவரு பக்கம் சாஞ்சு நிக்கும். நான் எட்டிப் புடிச்சா என்ற தோளு போயி அவரு கையில இடிக்கும், ஸ்டேரிங்கு ஆடும், வண்டி சாக்கடைப் பக்கம் போகும். ‘மாடு மாதிரி மோதாத’ன்னு கத்துவாரு. அதுவும் இல்லாம பழைய வண்டி, கியரு கெட்டி. ரெண்டு கையும் போட்டு இழுத்தாத்தான் வரும். வீதியில எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க.

அப்பத்தான் அவரு மூளை வேலை செஞ்சுது. கியரு கட்டைய நீட்டிப்போட்டா எனக்கும் எட்டும், லேசாவும் ஆயிருமாமா. கெணத்து ராட்டின நாயமெல்லாம் பேசுனாரு. வாசல்லயே காரை நிறுத்தி, கியரோட மேல் குண்டைக் கழட்டிப்போட்டு, தண்ணிக் கொழாய்ப் பைப்பு ஒரு துண்டு சொருவுனாரு. சொருவி, கருப்பு டேப்பு சுத்துனாரு. புடிக்கறதுக்குக் கைப்புடி வேணுமே? நேரா அடுப்படிக்குப் போனாரு. என்ற பூரிக்கட்டைய எடுத்துட்டு வந்து நட்டநடுவுல அறுத்தாரு கண்ணு! நான் தோசை திருப்பிட்டு இருக்கறேன், வாசல்ல கரகரன்னு சத்தம். போயிப் பாத்தா ரெண்டு துண்டா கையில வெச்சுட்டு, ‘இது நல்ல வைரம் பாஞ்ச கட்டை’ங்கறாரு. சோத்துக்கு மாவு தேய்க்கற கட்டை. அதுல கிரீசு.

அந்தப் பைப்பு என்ன ஆச்சு தெரியுமா? சூலூரு ரவுண்டானாவுல, முன்னால ஒரு லாரி, பின்னால ஒரு பஸ்ஸு. ‘ரெண்டு போடு, ரெண்டு போடு’ன்னு கத்தறாரு. இழுத்தேன். பைப்போட பூரிக்கட்டை என்ற கையில வந்துருச்சு. வண்டி நடு ரோட்டுல நின்னு போச்சு. நான் உலக்கை தூக்குனவ மாதிரி அதத் தூக்கிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன், பஸ்ஸு டிரைவரு எட்டிப் பாத்துக் கும்புடு போட்டுட்டுப் போறான். மானம் போச்சு.

அதோட உட்டாரா? என்ற தம்பி கொழந்தவேலு கணபதி ஏரியாவுல லேத்துப் பட்டறை வெச்சிருக்கறான். ரெண்டு பேரும் ஒண்ணு சேந்தா ஊரு தாங்காது. அவன் வெல்டிங்கு மெசினத் தூக்கிட்டு எங்கூட்டுக்கே வந்துட்டான். ‘அக்கா, பாரு, உனக்குன்னே அளவெடுத்துச் செஞ்சு தர்றேன்’னான். என்னை சீட்டுல உக்கார வெச்சு, கைய நீட்டச் சொல்லி, பிளவுஸுக்கு அளவெடுக்கற மாதிரி எடுத்தான். நல்ல கம்பியா ஒண்ணக் கொண்டாந்து, என்ற பக்கமா வளைச்சு, கியரு கட்டையோட சேத்துப் பத்த வெச்சுட்டான். நுனியில மறுபடியும் அந்தப் பூரிக்கட்டைத் துண்டு. தீப்பொறி பறந்து சீட்டுல ஓட்டை. மாடிப்படியில வடகம் காயப் போட்டிருந்தேன், அது பூரா இரும்புத் தூளு. எங்கூட்டுக்காரரு அதுல ஒண்ண எடுத்துத் தட்டிப்போட்டு வாயில போட்டு மெல்லறாரு. இரும்புச் சத்தாமா. சீ, என்ன ஜென்மமோ.

அந்தக் கியரு இருந்த அழகச் சொல்றேன் கேளு. ஒண்ணு போட்டா முன்னால இருக்கற பெட்டியில போயி இடிக்கும். ரெண்டு போட்டா நேரா வந்து என்ற வயித்துல குத்தும். மூணும் நாலும் பரவால்ல. ரிவர்சு போட்டா அவரு இடுப்புல குத்தும். அந்த வண்டியில எனக்குப் புடிச்ச கியரு அது ஒண்ணுதான்.

பட்டுச்சேலை கட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போறவ மடியில கிரீசு. அதுக்கு மேல அவரோட பழைய லுங்கியப் போத்திட்டு உக்காருவேன். மண்டபத்துல எறங்கறப்ப லுங்கிய எடுக்க மறந்து போயி அப்படியே வரவேற்புல நின்னிருக்கறேன். சந்தனம் குடுக்கற புள்ள மேலயும் கீழயும் பாக்குது.

மொதல்ல எல்லாம் ஒவ்வொண்ணுக்கும் கத்துவாரு. ‘ஒண்ணு! ரெண்டு! ஏய், மூணுன்னா மூணு!’ நான் தப்பாப் போட்டா வண்டி பன்னி மாதிரி உறுமும். அவரு கிளட்ச்சு மிதிக்கறதுக்கு முன்னால நான் இழுத்துருவேன், கறகறன்னு பல்லக் கடிக்கும். ‘பல்லு ஒடஞ்சா உன்ற அப்பனா வாங்கித் தருவான்?’ செத்த எங்கப்பன் எதுக்கு இதுல? அப்பறம் கொஞ்ச நாளு போயி ‘போடு’ன்னாரு, அவ்வளவுதான். எத்தனையாவதுன்னு சொல்ல மாட்டாரு. அதுக்கப்பறம் வெறும் ‘ம்’. பொறவு அந்த ‘ம்’மும் இல்ல. அவரு எடது முழங்காலு சித்தே ஒசரும், அப்படியே எறங்கும். எறங்குற அந்தச் சமயத்துல என்ற கை போயிரும். போயிரும்ங்கறேன், நான் போடறது இல்ல. கை அதுவாப் போகும். என்ன கெரகம் பாரு. கும்புடற கைய இரும்புக்குப் பழக்கி உட்டுட்டாரு. இப்ப ரோட்டுல போற வண்டிக்கெல்லாம் காது போகுது. ராத்திரி படுத்தா வெளிய எவனோ லாரியில கியரு மாத்தாம போறான், எனக்குத் தூக்கம் போகுது. இது ஒரு பொம்பளைக்கு வர வேண்டிய சீக்கா?

கேளு, பொங்கலூருல ஒரு கல்யாணம். அவரு பெரியப்பன் பேத்திக்கு. பந்தியில சாப்புட்டுட்டு ஆம்பளைங்க எல்லாரும் காரைச் சுத்தி நிக்கறாங்க. அந்தப் பூரிக்கட்டையப் பாத்துட்டு ஒருத்தன் கேட்டான், ‘ஏனுங் மேஸ்திரி, இதென்ன புது மாடலுங்களா?’ இவரு வெத்தலை மென்னுட்டே சொல்றாரு, ‘ஆமா, என்ற வண்டியில கியரு தனியா இல்ல. இவதான் கியரு. அப்பப்ப மக்கரு பண்ணும், ரெண்டு தட்டு தட்டுனா சரியாப் போகும்.’ எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க, சமையக்காரன் வரைக்கும். நான் பக்கத்துலதான் நிக்கறேன், தாம்பூலப் பையோட.

வயிறு எரிஞ்சுது கண்ணு. சத்தியமாச் சொல்றேன், அன்னைக்கு எரிஞ்ச மாதிரி என்னைக்கும் எரியல. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. என்ற கை இல்லாம இவரால மண்டபத்து கேட்டைத் தாண்ட முடியாது, அப்படியும் வாயிருக்குது பாரு.

ஏறி உக்காந்தேன். அத்தன பேரு பாக்கறாங்களேன்னு ஒண்ணு போட்டுக் குடுத்தேன். கேட்டைத் தாண்டுனதும் கையக் கட்டிக்கிட்டேன். அவரு கிளட்ச்ச மிதிச்சாரு. நான் சன்னலுக்கு வெளிய கரண்டு எடுக்கற காத்தாடியப் பாத்துட்டு இருக்கறேன். ‘ம்’ன்னாரு. நான் பாக்கல. அவருக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதே, ‘கோவிச்சுக்காத’ன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? சொல்ல மாட்டாரு. மேஸ்திரி! கால எடுத்துட்டு, ஒண்ணுலயே ஓட்டுனாரு. பொங்கலூருல இருந்து பல்லடத்துக்கு ஒண்ணாங் கியருலயே ஓட்டுனாரு கண்ணு. எஞ்சினு ஓலமிடுது. பால் கேனு கட்டுன மொபெட்டுக்காரன் எங்களைத் தாண்டிப் போறான், போறவன் திரும்பித் திரும்பிப் பாக்கறான். மாப்பிள்ளை ஊட்டு வேன் தாண்டிப் போச்சு, உள்ள இருக்கறவங்க எல்லாம் ஒரு பக்கமா வந்து எட்டிப் பாக்கறாங்க. பின்னால வர்றவன் எல்லாம் ஆரன் அடிக்கறான். கார்ல தீஞ்ச வாடை. நான் கையப் பிரிக்கல. அவரு வாயத் தொறக்கல. ரெண்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கறோம்.

பல்லடம் கண்ணுக்குத் தெரியுது. அப்ப அவரு கிளட்ச்ச மிதிச்சாரு. மிதிச்சவரு கால எடுக்கல. மிதிச்சுட்டே இருக்கறாரு. எஞ்சினு சத்தம் அடங்கிப் போச்சு, வண்டி தானா உருளுது, மெல்ல, மெல்ல நிக்கப் போகுது. என்னைப் பாக்கல, நேரா ரோட்டப் பாத்துட்டு இருக்கறாரு. காலு நடுங்குது. மிதிச்சுப் புடிச்ச அந்தக் காலு. வேட்டிக்குள்ள முழங்காலு ஆடறது தெரியுது. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. போட்டுக் குடுத்தேன். ரெண்டு வந்து வயித்துல குத்துச்சு.

அவ்வளவுதான் நடந்துது. மன்னிப்பா கேட்டாரு? கால மிதிச்சுட்டு உக்காந்திருந்தாரு. அதப் போயி நான் ஒரு மன்னிப்புன்னு எடுத்துக்கிட்டேன் பாரு, என்னைச் சொல்லோணும். மானங்கெட்டவ.

அதுக்கப்பறம் மாசி, பங்குனி பூரா நாங்க சண்டையே போடல. எப்படிப் போடறது? மூஞ்சியத் திருப்பிட்டா ரோட்டுல நிக்கோணும். காத்தால சாம்பாருல உப்பு இல்லைன்னு எகுறுவாரு, எகுறுனவரு சாங்காலம் என்ற மூஞ்சியப் பாத்துத்தான் வண்டிய எடுக்கோணும். அதனால எகுறறதையும் கொறைச்சுக்கிட்டாரு. இதென்ன குடும்பம் சொல்லு? ஒருத்தி ஆற அமரக் கோவிச்சுக்கக்கூட முடியாது. ஒரு நாளு பழனிக்குப் போயிட்டுத் திரும்பறப்ப ஒடுமலைப்பேட்டைல ஆரம்பிச்சு ஊடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கல, கோவமும் இல்ல. அவரு முழங்காலு ஒசரும், எறங்கும், நான் போடுவேன். ஊட்டுக்கு வந்து எறங்குனப்பத்தான் பேசாமயே வந்திருக்கறோம்னு தெரிஞ்சுது. பைத்தியம் புடிச்ச ரெண்டு பேருன்னுதான் சொல்லோணும்.

இதோ, இதோ பாரு. ஆளு ஏத்தறதுக்கு நிறுத்துனவன் ரெண்டுலயே எடுக்கறான். ஒண்ணு போட்டா கொறைஞ்சா போயிருவ? வண்டி குலுங்குது. ஆரு இவனுக்கு லைசென்சு குடுத்தது?

என்ற பையன் பெங்களூருல இருக்கறான். எவனோ மண்டபத்துல எங்களைப் படம் புடிச்சு அனுப்பிப்போட்டான். நான் லுங்கி போத்திட்டு பூரிக்கட்டையப் புடிச்சிருக்கறேன், அவரு பக்கத்துல ஸ்டேரிங்கப் புடிச்சுட்டு, ரெண்டு பேரும் ஒரே மூஞ்சியோட முன்னால பாத்துட்டு இருக்கறோம். பையன் அழுகாத கொறை. ‘ஏம்மா, ஆராச்சும் செத்திருந்தா என்னம்மா பண்ணுவீங்க? கேசு ஆகிப் போகும்மா’ன்னு அடுத்த நாளே வந்துட்டான். வந்தவன் கையோட இந்த வெள்ளைக் கார எடுத்துக் குடுத்துட்டான். இதுல கிளட்ச்சே கெடையாது. கியரு தானாப் போட்டுக்கும். ‘அப்பா ஒத்தக் கையிலயே ஓட்டலாம். அம்மா, இனி உனக்கு ஒரு வேலையும் இல்ல, நிம்மதியா ஏசி காத்துல உக்காந்துட்டு வா’ன்னான். நல்ல புள்ளைதான். அவன் சொன்னதுல என்ன தப்பு? ஒண்ணும் தப்பு இல்ல.

பழைய வண்டிய எடுத்தவன் வாசல்லயே வெச்சு அந்தக் கம்பிய அறுத்துட்டுத்தான் ஓட்டிட்டுப் போனான். பூரிக்கட்டைத் துண்டு மண்ணுல கெடந்துது. எடுத்துக் குப்பையில போட்டேன். போடப் போனேன். சோப்புப் போட்டுக் கழுவி அடுப்படி மூலையில வெச்சிருக்கறேன், பூண்டு தட்டறதுக்கு ஆகுமில்ல. அதுக்கும் ஆகல, கிரீசு வாடை போக மாட்டேங்குது.

புது வண்டியில மொத நாளு கோனியம்மன் கோயிலுக்குப் போனோம். கப்பல் மாதிரி போகுது. அவரு மூஞ்சியப் பாக்கோணுமே, புது மாப்பிள்ளை தோத்தான். ஒத்தக் கையில திருப்பறாரு, திருப்பறாரு. சிங்காநல்லூரு சிக்னல்ல நின்னுட்டு எடுக்கறப்ப என்ற கை போயிருச்சு. நானாப் போடல, சொன்னேனில்ல, அதுவாப் போகும். அங்க நடுவுல ஒரு குண்டு இருக்குது, அதுல கைய வெச்சுட்டேன். ‘ஏய், தொடாத! கைய எடு!’ன்னாரு. அந்த மில்லுத் தொண்டையில.

கைய எடுன்னுட்டாரு கண்ணு. எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். அந்த மடியில லுங்கி இல்ல, கிரீசு இல்ல, சுத்தமான சேலை. ரெண்டு கையும் அங்க சும்மா கெடக்குது, எங்க வெக்கறதுன்னு தெரியல. ஏசி காத்து, புது சீட்டு வாடை, பிளாஸ்டிக்கு வாடை. டவுனுக்குள்ளயே இருக்கற ராமநாதபுரம் தாண்டல, வாந்தி எடுத்துட்டேன். சீட்டு பூரா. கோயிலுக்குப் போன வண்டியில.

அவரு ஓரமா நிறுத்தி எறங்குனாரு. இந்தப் பக்கம் வந்து, ஒத்தக் கையில பூராத்தையும் தொடைச்சாரு. கழுத்துத் துண்ட எடுத்துத் தொடைச்சாரு. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். அன்னையில இருந்து அந்த வண்டியில நான் ஏறல. அந்த வாடை எனக்கு ஆகாது, அவ்வளவுதான். அவருகிட்டயும் அதையேதான் சொன்னேன். ‘வாடைக்குத்தானா?’ன்னு கேட்டாரு. பின்ன வேற எதுக்காமா?

பல்லடம் வந்தாச்சா? இங்க டீ குடிக்க நிறுத்துவான், நீ வேணா எறங்கிட்டு வா. இரு, இரு, எறங்காத. அங்க பாரு. பேக்கரிக்குப் பக்கத்துல வெள்ளையா. அதேதான். எப்ப வந்து நின்னாரோ. வர்றாரு பாரு, ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாத்துட்டு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்க. வேண்டாம், இரு, எனக்கு ஒரு சாட்சி வேணும்.

என்னங்? எதுக்குங்க நின்னுட்டு இருக்கறீங்க? நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன். டிக்கெட் எடுத்தாச்சு. ஆமா, இந்தப் புள்ள கூடத்தான் நாயம் பேசிட்டு வர்றேன்.

கேட்டியா கண்ணு, பையன்கிட்ட போன்ல கேட்டாராமா. அந்தப் புது வண்டியிலயும் குண்டை ஒரு பக்கமாத் தள்ளிப்போட்டா கியர நாமளே மாத்திக்கலாமாமா. நான் மாத்திக்கலாமாமா. ஏனுங், அதுக்குக் கிளட்ச்சு இருக்குதுங்களா? இல்லியா. அப்பறம் என்னங்க அது? நீங்க மிதிக்காம நான் போடறதுக்குப் பேரு கியருங்களா? அழுகற கொழந்தைக்குக் கிலுகிலுப்பை குடுக்கற மாதிரி எனக்கு ஒண்ணு குடுக்க வந்தீங்களாக்கும். போங்க. போயி ஏசியப் போட்டுட்டு வண்டிய ஓட்டுங்க. தானாப் போகுமில்ல, போங்க.

என்னங்? கேக்கல. சத்தமாச் சொல்லுங்க. மில்லே அதிர்ற மாதிரி கத்துவீங்களே, இப்ப என்ன தொண்டையில? காலா? எந்தக் காலு? காலுக்கு என்னங்க ஆச்சு?

கேளு கண்ணு. இவரு எடது காலு இன்னும் மிதிக்குதாமா. மிதிக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் தரைதான். ஊட்ல இருந்து இந்தப் பல்லடம் வரைக்கும் வெறும் தரைய மிதிச்சுட்டே வந்திருக்கறாரு. மிதிச்சுட்டு, ‘ம்’ன்னு சொல்லிப்போட்டு, பக்கத்துல திரும்பிப் பாக்கறாராமா. பாத்தா என்ற சீட்டுல சீருப் பையி உக்காந்திருக்குதாமா.

இதச் சொல்றதுக்கு வேற எடமே கெடைக்கலியா இந்த மனுசனுக்கு? பஸ் ஸ்டாண்டுல, சன்னலுக்குக் கீழ நின்னுட்டு, இத்தன பேரு கேக்க. ஊட்ல எத்தன நாளு பக்கத்துல உக்காந்து சோறு தின்னாரு, அப்பச் சொன்னா என்ன? கண்ணு வேற கலங்குது. சீ, தொடைங்க அத, எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல கண்ணு, காத்துல தூசி. நீ என்ற மூஞ்சியப் பாக்காத.

அட, வண்டிய எடுக்கறானே! கண்டக்டரு தம்பி, சித்தே நிறுத்து, நான் எறங்கோணும். தாராபுரம் டிக்கெட்தான், தெரியும் சாமி, இருந்துட்டுப் போகட்டும். கால ஒதுக்கிக்க கண்ணு, வழி உடு. அந்தச் சீருப் பையில பித்தளைக் குத்துவெளக்கு இருக்குது, ஜோடி. ஒத்தக் கையில அவரால அத எடுத்துப் பின்னால போட முடியாது. காத்தால நாந்தான் தூக்கிட்டு வந்து, வேணும்னே அந்த சீட்டுல வெச்சேன். நான் வெச்சத நாந்தான எடுக்கோணும்? அதுக்குத்தான் எறங்கறேன், வேற ஒண்ணும் இல்ல.